கைப்பிடி மண்

என்னைச் சூனியக்காரி என்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அது நானே எனக்கு வைத்துக்கொண்ட பெயர். அம்மாப்பேட்டைப் பக்கம் வயலுக்கு நடுவில் ஒத்தையாக நிற்கிற மாடி வீட்டைக் காட்டி, "அங்க போயிடாதீங்க, அந்தப் பொம்பள எதையாவது வச்சிடும்" என்று ஊர் சொன்னபோதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இன்றைக்கு அதே பேச்சு காதில் விழுந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடந்துவிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

நான் தையல்காரி. வீடு அவளுடையது. அவள் புருஷன் சிங்கப்பூருக்குப் போனவன். போன புதிதில் வீடு கட்டினான், மொசைக் தரை போட்டான், கலர் டிவி அனுப்பினான். அப்புறம் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் என்று சேதிதான் வந்தது, அவன் வரவில்லை. மனையை மட்டும் இவள் பேரில் வாங்கியிருந்தான். அந்த ஒரு புண்ணியத்துக்காக அவனைத் திட்டுவதைப் பாதியில் நிறுத்திக்கொள்வேன்.

அவள் என்னிடம் ஜாக்கெட் தைக்கத்தான் வந்தாள். தைத்துக் கொடுத்த பிறகு, கை இறுக்குகிறது என்று மறுபடி வந்தாள். இறுக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிரித்துத் தைக்கிற மாதிரி தைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் கழுத்து சரியில்லை என்று வந்து நின்றாள். அந்தத் தீபாவளி கழிந்ததும் தையல் மிஷினை டயர் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்கே போய்விட்டேன். ஊருக்கு அது தனியாக இருக்கிற பொம்பளைக்கு ஒத்தாசை. எங்களுக்கு அதுதான் கல்யாணம். எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அவள் என்றால் எனக்கு உயிர்.

நிஜமாகவே அந்த வீட்டில் ஒரு மாயம் இருந்தது, நான் வைக்காத மாயம். வாசற்படி வரைக்கும் நான் அவளுக்கு அக்கா. படி தாண்டினால் அக்கா போய்விடும். நான் மிஷினை மிதிக்க, அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கொக்கி தைப்பாள். நட்ட வயலில் மழை இறங்குகிறபோது ஜன்னலைச் சாத்தாமல் சாரலில் நனைந்துகொண்டே டீ குடிப்போம். நான் பிறந்த வீட்டில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டவர் கிடையாது. இவள் கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பாள். "இப்பத்தானே கேட்ட" என்றால், "இப்ப மறுபடியும் பசிக்குதான்னு கேக்குறேன்" என்பாள்.

அவள் புருஷனுக்கு ஒரு அண்ணன்காரன் இருந்தான். பிளாட் போடுகிறவர்கள் எங்கள் பக்கத்து வயல்களைத் தூர்த்து, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டு, பேருக்கு ஒரு 'நகர்' என்று வளைவு வைத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் மனைதான் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை வாங்கினால்தான் பின்னால் இருக்கிற பிளாட்டெல்லாம் விலை போகும். ஒரு நாள் அந்த அண்ணன்காரன் வந்து கூடத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு அவளிடம் சொன்னான்.

"புருஷன் இல்லாத வீட்டுல ரெண்டு பொம்பளைங்களுக்கு என்ன குடித்தனம்? மரியாதையா எழுதிக் குடுத்துட்டு உங்கம்மா வீட்டுக்குப் போய்ச் சேரு. இல்லேன்னா ஊரைக் கூட்டி உங்க சங்கதிய நடுத்தெருவுல வச்சுப் பேசிப்புடுவேன்."

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் பயப்படாதவள் மாதிரி மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். நூல் அறுந்து அறுந்து போயிற்று.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்குத் தலைவலி. யார் கண் பட்டதோ என்று எலுமிச்சம்பழத்தைச் சுற்றி, அறுத்துக் குங்குமம் தடவி வாசலில் போட்டிருந்தேன். இடம் வாங்க அண்ணன்காரன் கூட்டிவந்த பார்ட்டி அதை மிதித்துவிட்டார். திரும்பிப் போகையில் அவர் ஸ்கூட்டர் வாய்க்கால் மதகில் முட்டிக் கவிழ்ந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, வெள்ளை வேட்டிதான் சேறாகிப் போனது. ஆனால் அப்புறம் அவர் அந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை.

அட, இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது எனக்கு.

எங்கப்பா தேள்கடிக்கு மந்திரிக்கிறவர். அது பொம்பளைக்கு ஆகாது என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. ஆனால் அவர் மகள் என்பது ஊருக்குத் தெரியும், அது போதாதா? தையல் ஊசியை எலுமிச்சம்பழத்தில் குத்தி வேலியில் தொங்கவிட்டேன். சிவப்பு ஜாக்கெட் வெட்டின துண்டுகளை முடிச்சுப் போட்டு மரத்தில் கட்டினேன். மந்திரத்துக்கு எங்கே போவது? தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கத்துவதைத்தான் எடுத்துக்கொண்டேன். யாராவது இடம் பார்க்க வந்தால் வாசலில் நின்று கண்ணை உருட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, சாலியமங்கலம் அம்மாப்பேட்டை கோவில்வெண்ணி நீடாமங்கலம் கொரடாச்சேரி திருவாரூர் என்று மூச்சு விடாமல் முணுமுணுப்பேன். வந்தவர் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடுவார். அவள் கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விடுவாள். சில நாள் அங்கிருந்தே "டிக்கெட், டிக்கெட்" என்று கிசுகிசுப்பாள். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

பால்காரர் வீட்டுக்கு வருவதை நிறுத்தி, பாலை மதகில் வைத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் எங்கள் வேலியோரம் பட்டம் விழுந்தாலும் எடுக்க வருவதில்லை. "பாவம்டி, அந்தப் பட்டத்தையாவது தூக்கி எறி" என்றாள் அவள். சும்மா இரு, பயம் இருக்கட்டும் என்றேன். என்ன திமிர் எனக்கு!

ஒரு நாள் உச்சி வெயிலில் மாடியில் வடாம் பிழியப் போனவள் இறங்கி வரவில்லை. போய்ப் பார்த்தால் பாதிப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கை துணி மாதிரி தொங்குகிறது. என்னமோ சொல்ல வருகிறாள், சொல் வரவில்லை. அவளை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டுக் கூட்டுரோட்டுக்கு ஓடினேன். செருப்பு போடவில்லை.

கூட்டுரோட்டில் வாடகை வேன் ஓட்டுகிறவர் ஒருத்தர் உண்டு. வேன் வாசலில் நின்றது. அவர் உள்நடையில் உட்கார்ந்து மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் போகிற வயசு வராத சின்னப் பெண். தட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தது.

"தம்பி, வண்டிய எடுப்பா. அவளுக்கு வாய் இழுத்துக்கிச்சு. தஞ்சாவூருக்குக் கொண்டு போயிடணும்" என்றேன்.

அவர் எழுந்து நின்றார். ஆனால் வரவில்லை. "அந்த வீட்டுக்கா? வேணாம்மா. புள்ளக்குட்டிக்காரன். வேற வண்டி பாருங்க."

"ஐயோ, அதெல்லாம் பொய்யிப்பா. ஒண்ணும் கிடையாது. எலுமிச்சம்பழம், தையல் ஊசி, அவ்வளவுதான். மாரியம்மன் மேல சத்தியமா எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது."

"சத்தியம் பண்ணாதீங்கம்மா, பயமா இருக்கு" என்று பெண்ணைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார்.

காலில் விழுந்தேன். அவர் துள்ளிப் பின்னால் போனார், என்னமோ நான் கடித்துவிடுவேன் என்பது போல. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவள் அங்கே படியில் கிடக்கிறாள், இவன் இங்கே சாஸ்திரம் பேசுகிறான். குனிந்து வாசல் மண்ணை ஒரு கை அள்ளினேன். எங்கள் பக்கம் வயிறெரிந்து ஒரு பொம்பளை மண்ணை வாரித் தூற்றிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கோர்ட்டு கேசுக்கு அஞ்சாதவன்கூட அதற்கு அஞ்சுவான்.

"இப்ப நீ வண்டிய எடுக்கலேன்னா உம் பொண்ணுக்கு வாய் இழுத்துக்கும். அவளுக்கு இழுத்த மாதிரியே இழுத்துக்கும். தின்னுறதெல்லாம் மண்ணாப் போவும்" என்று கத்தி, கையை வீசினேன்.

மண் அந்தப் பெண்ணின் தட்டில் விழுந்தது. சோற்றின் மேல், அதன் விரல் மேல். அது அழவில்லை. என்னையே பார்த்தது.

வேன் கிளம்பிற்று. வழியெல்லாம் அவள் தலை என் மடியில் இருந்தது. டிரைவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

பெரியாஸ்பத்திரியில் அவளைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். வலது பக்கமும் பேச்சும்தான் போயிற்று. நான் மண் தூற்றிய சேதி எனக்கு முன்னால் ஊர் சுற்றியிருந்தது. அண்ணன்காரன் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று வார்டு வரை வந்தான். நான் நிற்பதைப் பார்த்ததும், கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தைத் தரையிலேயே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டான். பிறகு வரவே இல்லை. மஞ்சள் கல் நட்டவர்களும் எங்கள் வேலியோடு நின்றுகொண்டார்கள். வீடு தப்பியது, அவளும் தப்பினாள், எல்லாம் அந்தக் கைப்பிடி மண்ணால் வந்தது. வீட்டுக்கு வந்து கஞ்சி ஊட்டும்போது நடந்ததை அவளிடம் ஒன்று விடாமல் சொன்னேன். சபாஷ் என்று கண்ணாலாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கஞ்சி ஆறிப்போனது.

அறுப்பு முடிந்த சமயம் அந்த டிரைவர் வந்தார். கையில் ஒரு சேவல், தோளில் மகள். வேலிக்கு வெளியிலேயே நின்றார்.

"அம்மா, போட்டதை எடுத்துடுங்கம்மா. நான் வண்டி எடுத்தேனே. நீங்க சொன்னபடி கேட்டேனே."

"என்னாச்சுப்பா?"

"சோறே இறங்க மாட்டேங்குது. வாயில வச்சா துப்பிடுறா. மண்ணு, மண்ணுங்குறா. பாலும் பன்னுந்தான் உள்ள போவுது. டாக்டரு ஒண்ணும் இல்லேங்குறாரு."

பெண் பாதியாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அப்பன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு. "தம்பி, நான் எதையும் போடலப்பா. கோவத்துல வாயி பேசிடுச்சு. என்னை ரெண்டு அறை அறைஞ்சுட்டுப் போ" என்றேன். அவர் கேட்கவில்லை. நான் மறுக்க மறுக்க அவர் அழுகை கூடிக்கொண்டே போனது. எடுக்க மாட்டேன் என்கிறாளே என்றுதான் அவருக்குப் பட்டது.

உள்ளே கட்டிலிலிருந்து அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையைத் தூக்கி என்னைப் பார்த்து ஆட்டினாள். செய், செய்துவிடு.

எலுமிச்சம்பழம் எடுத்துவந்தேன். பெண்ணை வாசலில் நிறுத்திச் சுற்றினேன். கட்டுவதற்கு அந்த வழி என்றால் அவிழ்ப்பதற்குத் திரும்புகிற வழிதானே? திருவாரூர், கொரடாச்சேரி, நீடாமங்கலம், கோவில்வெண்ணி, அம்மாப்பேட்டை என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பன் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பெண் மூடவில்லை. அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. அதற்கு மேல் ஒரு எழுத்து வரவில்லை.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. இழுத்து இழுத்து, நாக்குப் புரளாமல்.

"சா...லி...ய...மங்...கலம்."

ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவள் பேசின முதல் வார்த்தை அது. பழம் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. நான் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். டிரைவர் சாஷ்டாங்கமாக விழுந்திருப்பார் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால், அவர் நின்றபடியே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது ஒண்ணும் தெய்வம் இல்லப்பா. அவதான். அவ எனக்கு..." என்று ஆரம்பித்தேன். அண்ணன்காரன் நடுத்தெருவில் வைத்துப் பேசிவிடுவானோ என்று இத்தனை காலம் எதற்குப் பயந்து எலுமிச்சம்பழம் கட்டினேனோ, அதை நானே சொல்லப் போனேன்.

"தெரியும்மா" என்றார் அவர். "நீங்க ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்கன்னு ஊருக்கே தெரியும். அதுக்கு யாரும்மா பயந்தா? என் புள்ளையச் சொன்னீங்களே, அதுக்குத்தான் பயம்."

உள்ளே போய்ச் சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்து எடுத்துவந்து அந்தப் பெண்ணுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். ஒரு கவளம் உருட்டி நீட்டினேன். மண் அள்ளின கைதான்.

அது கையைப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது.

"மண்ணு இல்லியே?"

அதை என் வாயில் போட்டு மென்று விழுங்கிக் காட்டிவிட்டு, அடுத்த கவளத்தை உருட்டினேன்.