காலைத் தட்டிட்டு வந்த பேயி

கொட்டாய்ல படம் போடறதுக்கு முன்னாடி மணல்ல தண்ணி தெளிப்பாங்க பாருங்க... அந்த வாசனை இன்னும் என் மூக்குலயே இருக்குதுங்க.

மாரண்டஹள்ளி டெண்ட் கொட்டாய். எழுபதுகள். நான் அப்போ பால்வாடி டீச்சர். பேய்ப் படம்னா எனக்கு உசுரு. அதுலயும் கையில காசில்லாம எடுத்த காமெடிப் பேய்ப் படம்னா சோறே வேணாம்.

என்னா தில்லு அவங்களுக்கு! குடைத்துணிய வெட்டி வௌவாலு. மண்டையோட்டுக்குள்ள டார்ச் லைட்டு. எலும்புக்கூடு ஆடும்போது மேல கட்டுன கயிறு நல்லாவே தெரியும்... ஆனாலும் கொட்டாயே அலறும், அடுத்த நிமிஷம் சிரிப்பா சிரிக்கும். அவ்வளவு சல்லிசா எடுத்து ஒரு ஊரையே அலற வைக்கறதுக்குத் தனித் தெறம வேணும்ங்க. இப்பவும் சொல்றேன்.

அதுல ஒரு படம் மட்டும் எங்க வூட்டுக் கதையோட ஒட்டிக்கிச்சு.

எங்க அண்ணன் வெல்லம் விக்கச் சேலம் போனவரு, அரை மாசம் கழிச்சுத்தான் வந்தாரு. எங்க போனீங்கன்னு கேட்டா, சினிமால பேயா நடிச்சேங்கறாரு! அண்ணி நம்பல. சேலத்துல வேற குடும்பம் வச்சிருக்காருன்னே முடிவு பண்ணிட்டாங்க. அன்னையிலேர்ந்து நேராப் பேச்சே இல்ல. சோத்தப் போட்டு வச்சுட்டு, உங்கண்ணனச் சாப்பிடச் சொல்லு பாப்பான்னு என்கிட்ட சொல்வாங்க. அண்ணன் எதிர்லயேதான் உக்காந்திருப்பாரு...

மாசக்கணக்குல ஓடுச்சு இந்தக் கூத்து. அப்புறம் அந்தப் படமே எங்க கொட்டாய்க்கு வந்துருச்சு.

அண்ணி சேலையெல்லாம் மடிச்சுப் பையில வச்சுட்டுத்தான் படத்துக்கே கெளம்புனாங்க.

"அவரு இதுல இல்லன்னா, காலைல மொத பஸ்ஸுக்குப் பாலக்கோடு போயிருவேன். எங்கம்மா வூடு இருக்குது."

சொல்லும்போதே குரல் ஒடஞ்சிருச்சு.

அண்ணன் ஆம்பளைங்க பக்கம். நாங்க குட்டச் செவுத்துக்கு இந்தப் பக்கம். எழுத்து போட்டாங்க... அண்ணன் பேரு வரல. பேயும் வந்துச்சு. தலையிலேர்ந்து முழங்கால் வரைக்கும் வெள்ளப் போர்வை! மூஞ்சியே தெரியல. போச்சுடான்னு நெனச்சேன். அண்ணி முந்தானைய முறுக்கிட்டிருந்தாங்க.

படத்துல காமெடியன் அண்டாவுக்குள்ள ஒளிஞ்சிருக்கான். பேயி பங்களாவுக்குள்ள வரணும். ஊளை, காத்து, மியூசிக் எல்லாம் ஏறுது... வாசப்படிகிட்ட வந்த பேயி நின்னுச்சு. வலது கால படிக்கல்லுல ரெண்டு தட்டு. எடது கால ரெண்டு தட்டு. அப்புறம்தான் உள்ள வந்துச்சு!

பேய்க்குக் காலே கெடையாதுன்னு நம்பற ஊருங்க. கொட்டாயே உருண்டு பொரண்டு சிரிக்குது.

அண்ணி மட்டும் சிரிக்கல. எங்க ஊரு செம்மண்ணு மழை பேஞ்சா கால்ல அப்பிக்கும். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து திட்டித் திட்டி அண்ணனுக்கு அந்தப் பழக்கத்த உண்டாக்குனதே அவங்கதான்.

சட்டுனு எந்திரிச்சாங்க. செவுத்துக்கு அந்தப் பக்கம் பாத்து, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாங்க.

"ஏங்க... படம் விட்டதும் நேரா வூட்டுக்கு வந்துருங்க. சோறு எடுத்து வச்சிருக்கேன்."

அண்ணன் துண்டால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டே இருந்தாராம். அப்புறமா பக்கத்துல இருந்தவங்க சொன்னாங்க.

அந்த டைரக்டர் யாரோ எவரோ தெரியாது. ரெண்டாவது தடவ எடுக்க பிலிம் இல்லாம அப்படியே விட்டிருப்பாரு மனுஷன். அவரு எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.

இப்போ கொட்டாய் இருந்த எடத்துல கல்யாண மண்டபம். அண்ணன் தவறிப்போயி ரொம்ப வருஷமாச்சு. போன வாரம் அவரு பேரன் பெரிய டிவில ஒரு புதுப் பேய்ப் படம் போட்டான். கிராபிக்ஸ் பிரமாதம்ங்க, ஒரு கயிறுகூடத் தெரியல. பேயி கதவத் தொறந்துக்கிட்டு விறுவிறுன்னு நடுவூட்டுக்கே வந்துருச்சு.

அண்ணி வெத்தலைய மென்னுக்கிட்டே பாத்தாங்க.

"பாவம், இதுக்கு வூட்ல திட்ட ஆளில்ல போல. காலத் தட்டாமயே உள்ள வருது."

சொல்லிட்டு, டிவிய விட்டுட்டு எங்க வாசப்படியவே பாத்துட்டு இருந்தாங்க.