வீன்னா நாமதானே

கீழுதட்டை மேல்பல்லால் கடித்துக்கொண்டு, கைக்கண்ணாடியை மூக்குக்கு நேரே பிடித்தபடி "வெரி" என்கிறாள். உடனே விளக்கை ஊதி அணைப்பவள் மாதிரி உதட்டைக் குவித்து "வெல்" என்கிறாள். கடி, குவி. கடி, குவி. விடிந்ததும் முகம் கழுவும் தொட்டிக்கு முன்னால் இதுதான் வேலை. நமக்கு ஒரு 'வ' போதும், அவர்களுக்கு இரண்டு வேண்டுமாம். கம்ப்யூட்டரில் பேட்டி எடுத்த வெளிநாட்டுப் பள்ளிக்காரி, எல்லாம் நன்றாக இருக்கிறது, அந்த ஒரு எழுத்துதான் கொஞ்சம் இடிக்கிறது என்று சொல்லிவிட்டாள். தலை நரைக்கும்வரை ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவளுக்கு அது மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது.

இவள் அம்மாவும் நானும் அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள். அந்த முறையில் நான் இவளுக்குச் சித்தி. மாடியில் இவளும் இவள் அண்ணனும், கீழே நான்.

தெருவில் இவளுக்கு 'ஸ்பெல்லிங்' என்று பேர். தப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. எங்கள் பெரியப்பா செத்த வீட்டில் அவர் மருமகள் என் தோளில் சாய்ந்து, "மாமா எக்ஸ்பைரி ஆயிட்டாரே" என்று அழுதபோது, இவள் குனிந்து அவள் காதோடு, "எக்ஸ்பயர்டு" என்று திருத்தினாள். அழுதவளும் அடுத்த தடவை சரியாகச் சொல்லி அழுதாள்.

மருந்துக்கடைக்காரர் அண்ணனுக்கு மாத்திரை கட்டிக்கொடுக்கும்போது சொன்னார், "நீங்க ஃபாரின் கிளம்புற அன்னிக்குத் தெருவே கூடித் தப்புத் தப்பா இங்கிலீஷ் பேசப் போறோம் டீச்சர்."

"பேசுங்க. நோட்டீஸ் அடிச்சா மட்டும் எங்கிட்ட ஒருவாட்டி காட்டிடுங்க" என்றாள் இவள். முகத்தில் சிரிப்பில்லை.

வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். சின்ன வயசு டீச்சர்களுக்கு வேறு இடம் கிடைத்தது. இவளையும் கூட இருந்த இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட ஆளில்லை. கடைசியில் கடல் தாண்டித்தான் ஒரு பள்ளிக்கூடம் மூன்று பேரையும் கூப்பிட்டது. ஆளுக்கு ஒரு அறை, ஒற்றைக் கட்டில். உறவுக்காரர்களைக் கூட்டிவரக் கூடாது.

அண்ணன் பஸ் ஓட்டினவன். அந்தச் சம்பளத்தில்தான் இவள் காலேஜ் படித்தாள். ஒருநாள் பணிமனையில் பக்கவாதம் வந்து விழுந்தான். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. பேச்சைத் திருப்பிக் கொண்டுவந்தவள் இவள். இதே கைக்கண்ணாடியை அவன் முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள். 'ம' வரவேயில்லை. உதடு ஒட்ட மாட்டேன் என்றது. இவள் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அவன் இரண்டு உதட்டையும் சேர்த்துப் பிடித்து, "மூடு... மூடு... இப்ப விடு" என்பாள். வந்துவிட்டது. அன்றிலிருந்து யார் பேசினாலும் அவன் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்ப்பான்.

பேட்டியன்று அவன் அதே அறையில் படுத்திருந்தான். எப்போது வர முடியும் என்று கேட்டதற்கு, "வீ ஆர் ரெடி" என்றாள் இவள். அந்த இரண்டு டீச்சர்களையும் சேர்த்துத்தான் சொன்னாள். திரையை மூடினதும் அவன் கேட்டான்.

"பாப்பா, வீன்னா... நாமதானே?"

காது பக்கம் முழுக்க நரைத்தவள் அவனுக்கு இன்னும் பாப்பா. ஊரெல்லாம் திருத்துகிறவள் அந்த 'நாம'வைத் திருத்தவில்லை. "ஆமாண்ணா" என்றாள்.

அவ்வளவுதான். அவன் தன் பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டான். ஒரு கையால் ஸ்வெட்டரை மடித்தான், பழைய காக்கிச் சட்டையை மடித்தான். வீட்டுக்கு வந்து முடி வெட்டுகிறவரிடம், நாம ஃபாரின் போறோம், குளிரும், ரொம்பக் குறைக்காதே என்றானாம். அதற்குள் இவள் ஊர்க்கோடியில் ஒரு முதியோர் இல்லம் பார்த்து, அவனுக்கு ஜன்னலோரக் கட்டில் ஒன்று சொல்லிவைத்திருந்தாள். பார்த்துவிட்டு வந்த அன்று சாப்பிடவில்லை.

நான் சத்தம் போட்டேன். அவனை நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இந்த முட்டியை வைத்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறவே எனக்குப் பெரும்பாடு, அவனை எப்படித் தூக்கி உட்காரவைப்பேன்? அவனிடம் உண்மையையாவது சொல்லடி என்றேன்.

"நான் பொய் சொல்லல சித்தி. நாமன்னாலும் நாங்கன்னாலும் இங்கிலீஷ்ல ஒரே வார்த்தைதான். அந்தச் சந்துலதான் இத்தனை நாளா ஒளிஞ்சுக்கிட்டிருக்கேன்."

இல்லத்து வண்டி வந்த காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. அவன் ஸ்வெட்டர் போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டி, பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். நெற்றியில் வியர்வை. இவள் அவன் காலடியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டினாள். மாட்டி முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"கிளம்பலாமா பாப்பா? நாம..."

"நாம இல்லண்ணா. நாங்க."

அவன் இவள் வாயைப் பார்த்தான். வகுப்பில் சொல்கிற மாதிரி நிறுத்தி, இன்னொரு தடவை சொன்னாள்.

"நாங்க. டீச்சருங்க மூணு பேரு. நீ இந்த வண்டியில இல்லத்துக்குப் போற."

கீழே டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ் ஓட்டினவன் அந்தச் சத்தத்துக்குக்கூடத் திரும்பவில்லை. நாம என்றால் உதடு ஒட்டும். நாங்க என்றால் ஒட்டாது, வாய் திறந்தபடியே நிற்கும். இவள் வாயும் அப்படித்தான் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பை மேலிருந்து இடது கையை எடுத்தான். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தங்கையின் இரண்டு உதட்டையும் சேர்த்துப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை.