கடைமடைக்கு வந்த மின்சாரம்

மின்சாரம் கம்பிக்குள் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். மேல்மடைக்காரன் வயிறு நிறையக் குடித்த பிறகு மிச்சம்தான் கடைமடைக்கு. தாமிரபரணிப் பாசனத்தில் சோறு தின்றவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

அப்போது நான் இளவட்டம். அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, ஆற்றுத் தண்ணீரில் ஓடும் பஞ்சாலை ஒன்றில் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி ஆலை நின்ற பிறகு விளக்குக்கென்று ஒரு சின்ன டைனமோவை மட்டும் ஓட்டி, எங்கள் வீட்டு வரிசைக்கு வெளிச்சம் கொடுத்தார்கள். வரிசையில் கடைசி வீடு என்னுடையது. சுத்தக் கடைமடை.

அப்பா இல்லாததால் தங்கைக்குக் கல்யாணம் பேசியது நான். விடியுமுன் முகூர்த்தம் என்றதும் மாப்பிள்ளையின் தாய்மாமன் முகத்தைச் சுளித்தார். திருநெல்வேலி டவுண்காரர், எங்கள் பக்கம் வெறும் காடு என்று நினைப்பு. என் வாய் சும்மா இருந்ததா? பந்தல் முழுக்க மின்சார விளக்கு எரியும், ஊசி விழுந்தாலும் எடுக்கலாம் என்று அளந்தேன். அவர் அதையே பிடித்துக்கொண்டார்.

"சொன்ன வெளிச்சம் இல்லன்னா மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன் வே. பாத்துக்கிடும்."

அன்றைக்குப் பிடித்தது வயிற்றுப்போக்கு. விளக்கு லேசாக மினுங்கினாலும் தெருவுக்கு ஓடி, எவன் வீட்டில் உறிஞ்சுகிறான் என்று பார்ப்பேன். பாதி ஓட்டத்தில் திசைமாறிக் கொல்லைப்பக்கம் போனதும் உண்டு. ஆனாலும் விடுவதாக இல்லை. தங்கை மணவறையிலிருந்து எழுந்து வரக்கூடாது. ஆகவே வயல்காரன் செய்வதையே செய்தேன்: முறை கேட்டேன். கெட்டிமேளம் கேட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் விளக்கை அணைத்துவிட வேண்டும் என்று வீடு வீடாகக் கெஞ்சினேன்.

"கம்பிக்குமா முறைத்தண்ணி கேக்கீரு வே?" என்று முதல் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் சரி என்று சொல்லும்வரை வாசலை விட்டு நகரவில்லை. அவர் சம்மதித்ததும் மற்றவர்களும் சம்மதித்தார்கள்.

முகூர்த்தம் வந்தது. கெட்டிமேளம் முழங்கியது. சொன்ன சொல் தவறாமல் வரிசை முழுக்க இருண்டது. என் பந்தல் விளக்குகள் வெள்ளை வெளேரென்று பூரித்தன. நானும் பூரித்தேன். அடுத்த மூச்சில் அத்தனை பல்பும் பட்பட்டென்று போய்விட்டன.

பார வண்டி இழுக்கிற மாடு, சட்டென்று பாரத்தை இறக்கினால் பாயும் அல்லவா? வரிசை விளக்கெல்லாம் ஒன்றாக அணைந்ததும் டைனமோ அப்படித்தான் பாய்ந்திருக்கிறது. இப்போது சர்க்காரே பாபநாசத்தில் மின்சாரம் எடுத்து ஊர் ஊராகக் கம்பி இழுத்துவிட்டது. விளக்கு எரிகிற அளவுக்கே தண்ணீரை விட்டு டைனமோவைச் சுழலவிடுவதுதான் அங்கே ராப்பகலாக நடக்கும் வேலையாம். நான் அதைத் தங்கை கல்யாணத்தில் படித்துக்கொண்டேன்.

மாமனின் கை மாப்பிள்ளையின் தோளில் விழுந்தது. "சொன்ன வெளிச்சம் எங்க வே?"

மணவறையில் எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கை இரண்டு கையாலும் தூக்கி, அவருக்கும் வாசலுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"இந்தா இருக்கு. தாலியக் கட்டச் சொல்லும்."

தங்கை தலைகுனிந்தபடியே, "பையப் புடிண்ணே, எண்ணெய் கொட்டுது" என்றாள். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். மாமனின் கையை எடுத்துவிட்டுத் தாலியைக் கையில் வாங்கினார்.

மேல்மடை வீடுகளில் மறுபடி விளக்கைப் போட்டார்கள், எல்லாம் எரிந்தன. என் வீட்டில் எரிய ஒரு பல்பு மிச்சமில்லை. தாலி குத்துவிளக்கு வெளிச்சத்தில் ஏறியது. மாமன் மறுநாள் விருந்தில் சொதிச் சாப்பாடு முடித்துத்தான் வண்டி ஏறினார்.