புத்தர் சொல்லாத வரி

"புத்தர் சொல்லாதது ஒரு வரி கெடந்தாலும் நான் காலண்டரை எடுக்கமாட்டேன், கேட்டியளா?" என்று சொல்லிவிட்டுப் போனார் பேச்சிப்பாறைக்காரர். அங்கே தியான இல்லம் நடத்துகிறவர். தினக் காலண்டரில் தாளுக்கு ஒரு புத்தர் வசனம் கேட்டிருந்தார். பாலியிலிருந்து தமிழாக்கிய தடித்த சூத்திரப் புத்தகம் ஒன்றையும் கொடுத்திருந்தார். நாகர்கோவிலில் எங்கள் அச்சகத்துக்கு அந்த வருஷம் கிடைத்த பெரிய ஆர்டர் அதுதான்.

புரூஃப் பார்ப்பவள் நான். வசனம் எடுக்கும் வேலை முழுக்க எனக்கே வரும் என்று நினைத்தேன். முதலாளி பாதியை டிசைனர் ஷீபாவிடம் கொடுத்துவிட்டார். நேற்று வந்த பெண். நான் சாப்பாட்டு நேரத்திலும் புத்தகமும் கையுமாக இருந்தேன். அவள் வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் அள்ளிப் போட்டாள்.

இரண்டையும் முதலாளி வாசித்தார்.

"ஷீபா, இதுல்லா மக்கா வசனம்! பகவதி, நீ எடுத்தது கணக்குப் பரீட்சை மாதிரில்லா இருக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை. சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது என்பதால் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தேன்.

போலியைப் பிடிப்பது பெரிய வித்தை இல்லை. சூத்திரத்தில் புத்தர் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஓர் ஆளிடம் பேசுவார், சொன்னதையே திரும்பச் சொல்வார். ஷீபாவின் புத்தர் பிரபஞ்சம், பாசிட்டிவ் எனர்ஜி என்று பேசினார். அடிக்க அடிக்கச் சந்தோஷமாக இருந்தது. 'அதிகம் முறுக்கினாலும் அதிகம் தளர்த்தினாலும் வீணைத் தந்தி இசைக்காது' என்று ஒன்று இருந்தது. முதலாளி இரண்டு முறை வாசித்துத் தலையாட்டிய வரி. அதையும் அடித்தேன். புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அச்சுக்குப் போகுமுன் எங்களிடம் காப்பி பிடிப்பது வழக்கம். ஒருவர் புரூஃபை உரக்க வாசிப்பார், இன்னொருவர் மூலத்தில் விரல் வைத்துத் தொடர்வார். எடுத்து எழுதியவரே மூலத்தைப் பிடிக்கக் கூடாது. அதனால் நான் வாசிக்க, புத்தகம் ஷீபாவின் கைக்குப் போனது.

"பகவதியக்கா, நில்லுங்க. இது புத்தர் சொன்னதில்ல. மொழிபெயர்த்தவரு முன்னுரையில எழுதினது."

நான் ரசித்து ரசித்து எடுத்த வரி அது. புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். இந்த வரியோடு காலண்டர் போயிருந்தால் ஆர்டர் என்னால்தான் திரும்பி வந்திருக்கும்.

அவள் மேலும் புரட்டினாள்.

"வீணைத் தந்தி இங்க கெடக்குல்லா! சோணன்னு ஒரு பிக்குகிட்ட சொல்லியிருக்காரு. இத எதுக்கு அடிச்சிய?"

"வாட்ஸ்அப்புல வந்ததுல்லா" என்றேன்.

அடுத்து வாசிக்க வேண்டிய வரியும் நான் எடுத்ததுதான். புத்தர் வாயால் கேட்டேன் என்று யார் வந்து சொன்னாலும் உடனே ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், சூத்திரத்தோடும், விநயம் என்னும் பிக்குகளின் ஒழுக்க விதிகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்பது அதன் சாரம். என் குரல் இறங்கிவிட்டது.

"கேக்கலக்கா, கொஞ்சம் சத்தமா வாசிங்க" என்றாள் ஷீபா.

வீணைத் தந்தியையும் சேர்த்துக்கொண்டு காலண்டர் போனது. பேச்சிப்பாறைக்காரருக்குப் பரம திருப்தி. "எங்க ஷீபா கண்ணுக்கு ஒண்ணும் தப்பாதுல்லா" என்று முதலாளி அவரிடம் சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வரியை மூலத்தோடு வைத்துப் பாருங்கள், கொண்டுவந்த ஆளைப் பார்க்காதீர்கள்.

அந்தக் காலண்டர் என் வீட்டிலும் தொங்கியது. வீணைத் தந்தி வந்த நாளன்று விடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். புத்தர் சொன்னதுதான். ஆனாலும் ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.