எல்லாரும் கேட்கச் சொன்னது

டெட்டோல் கலந்த வெந்நீரில் நான் மூன்று முறை கை கழுவியதை அந்த மனிதர் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய முழங்காலைத் தொட்ட கை அது. நமுனுகுல மலைப்பக்கத் தோட்டம் ஒன்றின் டிஸ்பென்சரியில் நான் மருத்துவ உதவியாளனாக இருந்த கடைசி ஆண்டுகள். அவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். இன்று நான் ஓய்வுபெற்றுப் பதுளையில் இருக்கிறேன். அன்று அவரைத் தொட்டதற்கு அருவருத்தேன். இப்போது என் கையைப் பார்த்தால்தான் அருவருக்கிறது.

முதலில் குதிகால் வலிக்கிறது என்று வந்தார். தைலம் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துக் கண் சிவந்து வந்தார். சொட்டு மருந்து கொடுத்தேன். அடுத்த வாரம் வலது முழங்கால் தேங்காய் போல வீங்கியிருந்தது. மூன்றையும் மூன்று நோய்களாகப் பதிவேட்டில் எழுதினேன். அப்போது அவர் குனிந்து, "டாக்டரய்யா, ஒண்ணுக்குப் போனா எரியுதுங்க" என்று மெல்லச் சொன்னார். முந்தைய மாதம் அவர் கொழும்பில் கடை வேலை செய்யும் தம்பியைப் பார்த்து வந்தது எனக்குத் தெரியும். எனக்கு அது போதுமாக இருந்தது.

"கொழும்புல எங்கெங்க சுத்துனீங்க?" என்று உரக்கக் கேட்டேன்.

மருந்துக்கு வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "அங்கயும் கவ்வாத்து வெட்டப் போனாராக்கும்" என்றாள் ஒருத்தி. அந்த வரிசையில் அவருடைய மனைவியும் நின்றார். அவரைப் பார்த்து, "நீங்களும் ரத்தம் சோதிக்கணும். அதுவரைக்கும் தள்ளிப் படுங்க" என்றேன். அவர் அன்றே கொஸ்லந்தவிலிருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கவும் நான் மறுத்தேன். கவ்வாத்துக்காரர் நொண்டிக்கொண்டே பஸ் ஏறிப் பதுளைக்குப் போனார். சில நாளில் அங்கிருந்த இளம் பெண் டாக்டர் என்னிடம் தொலைபேசியில் பேசினார். "கால், கண், சிறுநீர் மூணும் ஒரே நேரத்துல வந்திருக்கு, ஐயா. அதுக்கு முந்தி இவருக்கு வயித்தோட்டம் இருந்ததா?"

இருந்தது. தண்ணீர் கெட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான அவருடைய லயத்தில் பாதிப் பேருக்கு இருந்தது. அவருக்குக் கரைத்துக் குடிக்க ஜீவனி உப்புப் பொட்டலம் கொடுத்தவனே நான்தான். குடலில் வந்த கிருமி அடங்கிச் சில வாரம் கழித்து, உடம்பின் காவலே மூட்டையும் கண்ணையும் தாக்கும் நோய் இது. பயிற்சிக் காலத்தில் படித்திருக்கிறேன். பாலியல் தொற்றாலும் இது வரலாம், ஆனால் அந்தச் சோதனையில் இவருக்கு எதுவும் இல்லை என்றார் டாக்டர். இரத்தத்தில் பி-27 என்ற மரபுக் குறி மட்டும் இருந்ததாம். "அது இருக்கிறவங்களுக்கு இந்த நோய் வர வாய்ப்புக் கூட. ஆனா அது இருக்கிற பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணுமே வராது. குறி வேற, நோய் வேற, ஐயா."

திரும்பி வந்த கவ்வாத்துக்காரர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அன்னைக்கு எல்லாரும் கேக்கச் சொன்னீங்க. இதையும் அப்படியே சொல்லுங்க."

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் சொன்னேன். "இது பொம்பள சகவாசத்துல வந்த நோயில்ல. இவங்க பரம்பரை ரத்தத்துல உள்ளது." டாக்டர் சொன்ன மற்றப் பாதியை நான் மறக்கவில்லை. வேண்டுமென்றே விட்டேன். இரத்தத்தின் மேல் பழி விழுந்தால் என் தவறு சிறிதாகத் தெரியும் என்று நினைத்தேன்.

மனைவி திரும்பி வந்தார். ஆனால் லுணுகலையில் பேசி முடித்திருந்த மகளின் கல்யாணம் நின்றுபோனது. "மொதல்ல என் பேரக் கெடுத்தீங்க. இப்ப எம்புள்ள பேரையுமா, ஐயா?" என்று கேட்டுவிட்டுக் கவ்வாத்துக்காரர் போனார். மருந்துகூட வாங்கவில்லை.

நான் லுணுகலைக்குப் போனேன். மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு அங்கே காய்கறிக் கடை. வீட்டில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். மரபுக் குறி, வயிற்றோட்டம், என் பிழை எல்லாவற்றையும் அரை மணி நேரம் சொன்னேன். பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"டாக்டரய்யா சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஒங்க மகனுக்கும் பொண்ணு தேடுறீங்களாமே. இந்தப் பொண்ண நீங்களே எடுத்துக்குங்களேன்."

லயத்துப் பெண்ணை என் வீட்டு மருமகளாக நான் ஒரு கணமும் நினைத்துப் பார்த்ததில்லை. அவருக்கு அது தெரிந்திருந்தது.

"பதுளை பஸ் வந்துரும்" என்று சொல்லி எழுந்தேன்.