நான் கேட்ட ஒன்ஸ்மோர்

ஒரு பாடகனின் தொண்டையை நான் கெடுத்தேன். மருந்து எதுவும் வைக்கவில்லை. கையால் தொடக்கூட இல்லை. கைதட்டிக் கெடுத்தேன். "ஒன்ஸ்மோர்" என்று கத்திக் கெடுத்தேன்.

கைதட்டி எவனாவது கெட்டுப்போவானா என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள்... ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

பம்பாய்த் தாராவியில் தோல் கிடங்கு ஒன்றில் எனக்கு வேலை. உப்புப் போட்டு வரும் தோலைப் பிரித்து, உதறி, அடுக்க வேண்டும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு நான் படித்த தமிழெல்லாம் சினிமாக் கொட்டகை வாசலில் விற்கிற பாட்டுப் புத்தகங்களில் படித்ததுதான். ஒரு தகரப் பெட்டி நிறைய வைத்திருக்கிறேன். மழைத் தண்ணீர் புகுந்துவிடுமோ என்று பயந்து பெட்டியைச் செங்கல்மேல் ஏற்றினேன். செங்கல் சரிந்துவிடுமோ என்று பயந்து திரும்பக் கீழே இறக்கினேன். நான் அப்படிப்பட்ட ஆள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிறவன்.

ஆனால் பாட்டு என்றால் எனக்குப் பயமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மாட்டுங்காவில் தமிழ்ப் படம் போடுவார்கள். முதல் ஆளாய் நிற்பேன். ஊரிலிருந்து நாடகக் கம்பெனி வந்தால் சம்பளத்தை வெட்டினாலும் வெட்டட்டும் என்று போய்விடுவேன். டீக்கடை ரேடியோவில் கொழும்பிலிருந்து தமிழ்ப் பாட்டு வரும் நேரம் எனக்கு மனப்பாடம். எந்தப் பாட்டு எந்த ராகம், எந்த இடத்தில் ஏறும், எந்த இடத்தில் இறங்கும் எல்லாம் சொல்வேன்.

பாடத்தான் வராது. சுதி சேராது. உப்புத் தோலை உதறி உதறி என் தொண்டை கரகரத்துப் போனது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன். சின்ன வயதிலும் அது அப்படித்தான் இருந்தது...

நாடகத்தில் நான் நாற்காலியில் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் மெல்ல எழுந்து வேறு இடம் தேடுவார். என்மேல் தோல் வாடை. எந்தச் சோப்புக்கும் அது போகாது. பின்சுவரில் சாய்ந்து நிற்பேன். பாட வராத என் தொண்டைக்குக் கத்த நன்றாக வரும். பாட்டு பிடித்துப்போனால் அங்கிருந்து "ஒன்ஸ்மோர்" என்று ஒரு குரல் கொடுப்பேன். தாராவிக் கூட்டம் முழுவதும் என் பின்னால் எழும்பும். நான் வாயைத் திறக்கும்வரை காத்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் எனக்குப் பெயரே ஒன்ஸ்மோர் சுப்பையா.

கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டால் நடிகன் பாடியாக வேண்டும். அது எழுதாத சட்டம். ஒரு நாடகத்தில் வாள் பாய்ந்து செத்துக் கிடந்த தளபதி எழுந்து உட்கார்ந்து, சாகும்போது பாடிய பாட்டை முழுதாய்த் திரும்பப் பாடிவிட்டு, மறுபடி ஒழுங்காய்ப் படுத்துச் செத்தான். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் தெருத் தையற்கடை பொன்னையா அண்ணாச்சி நாடகம் எழுதுவார், பாட்டுக் கட்டுவார், ராஜா உடுப்பும் அவரே தைப்பார். அவர் நடிகர்களிடம் சொல்வது இதுதான்.

"பாடாம உள்ள போனா சனத்த மூஞ்சில அடிச்ச மாதிரிவே. தொண்ட கிழிஞ்சாலும் பாடிட்டுப் போய்க் கிழிச்சுக்கிடும்."

கேலியாகத்தான் சொல்வார்.

இனி இசக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் வேண்டும்.

இசக்கி எனக்கு அடுத்த வீடு. மாட்டுங்கா மளிகைக் கடை ஒன்றில் வேலை. வீடு வீடாய்க் காப்பித்தூளும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுப்பான். அந்த மாடிகளில் பெண்பிள்ளைகள் பாட்டுக் கற்றுக்கொள்வார்கள். இவன் கூடையோடு படிக்கட்டில் நின்று கேட்பான். யாரும் விரட்டுவதில்லை. அவனிடம் வந்தது காப்பி வாசனை அல்லவா! என்னை அந்தப் படியில் நிற்க விடுவார்களா?

அவனை முதன்முதலில் நாடகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான். பாதியில் தூங்கிவிட்டான். வீட்டுக்கு நடந்து வரும்போது, தூக்கத்தில் காதில் விழுந்த பாட்டை அவன் முனகினான். சுத்தமாக, ஒரு சங்கதி பிசகாமல்... அன்றே எனக்கு வயிறு எரிந்தது. பாட்டுப் புத்தகங்களின் கதைச் சுருக்கத்தில் பொறாமை வில்லனுக்குத்தான் வரும். எனக்கும் வரும் என்று நான் நினைத்ததில்லை.

ஆனாலும் நானே அவனைப் பொன்னையா அண்ணாச்சியிடம் கொண்டுபோய் விட்டேன். ஏன் விட்டேன்? அவன் பாடினால் அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கும் என்று நினைத்தேனா? இசக்கி பம்பாயில் பிறந்தவன், தமிழ் படிக்கத் தெரியாது. அண்ணாச்சி எழுதிய பாட்டை நான் வாசிப்பேன், அவன் கேட்டுப் பாடம் பண்ணுவான். எந்த இடத்தில் நின்று இழுக்க வேண்டும், எந்த இடத்தில் சட்டென்று விட வேண்டும் என்று நான் சொல்வேன். அவன் அப்படியே செய்வான். நான் சொன்னதைவிட நன்றாகவே செய்வான்.

அவன் தொண்டைக்குக் காவலும் நான்தான். பனங்கற்கண்டு, மிளகு, பிளாஸ்கில் வெந்நீர். மழை தூறினால் அவன் கழுத்தில் துண்டைச் சுற்றுவேன். ஐஸ் வண்டிக்காரனைக் கண்டால் அவனை வேறு சந்துக்குள் இழுத்துக்கொண்டு போவேன்.

"பிக்கர் மத் கர், கவலப்படாத மாப்ள. தொண்ட என்ன, ஓடியா போயிரும்?" என்று சிரிப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் எங்கள் நாடகம். மாலை நாலரைக்கு ஆரம்பம். சென்னையிலிருந்து ஒரு நாடகக் கம்பெனி முதலாளி பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் இசக்கியைக் கம்பெனியில் சேர்த்துக்கொள்வார். மளிகைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவன் ஊர் ஊராய்ப் பாடப் போய்விடுவான். தெரு முழுக்க அதே பேச்சு. எனக்குத் தூக்கம் இல்லை. அவன் தோற்றுவிடுவானோ என்று ஒரு பயம். அவன் ஜெயித்துவிடுவானோ என்று அதைவிடப் பெரிய பயம்... இரண்டாவது பயத்தை அப்போது நான் என்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்கு முந்தின நாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. தொண்டைக்குள் வீக்கம். நாடகத்தன்று மத்தியானம் என்னைத் தனியாக அழைத்தான். அந்த நாடகத்தில் அவன் நாடிழந்த ராஜகுமாரன். முதல் அங்கத்தில் காட்டில் தனியாகப் பாடும் பாட்டு ஒன்று. கடைசியில், தாய் இறந்து கிடக்கும்போது ஐந்து கட்டைச் சுதியில் உச்சத்துக்குப் போகும் பாட்டு ஒன்று. முதலாளி கேட்க வருவது அதைத்தான்.

"காட்டுப் பாட்டுக்கு இன்னைக்கு மட்டும் ஒன்ஸ்மோர் கேட்டுராத மாப்ள. கடைசிப் பாட்டுக்குத் தொண்ட வேணும்."

"நான் எதுக்குலே கேக்கேன்?"

"நீ வாயத் தெறக்கலன்னா ஒருத்தனும் தெறக்க மாட்டான். நம்ம பயலுவட்டயும் சொல்லிரு."

"சொல்லுதேன். நீ மொதல்ல இந்த வெந்நியக் குடி."

சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். பின்சுவரோரம் நிற்கும் ஒவ்வொருவனிடமும் போய், "இன்னைக்கு மூச்சு விடப்பிடாது" என்று சொன்னேன். அதுவரை நான் நல்லவனாகத்தான் இருந்தேன்.

நாடகம் தொடங்குமுன் முதலாளி திரைக்குப் பின்னால் வந்தார். வெள்ளை ஜிப்பா, கையில் மடித்த கைக்குட்டை. நான் பிளாஸ்கோடு நின்றேன். கைக்குட்டை மெல்ல அவர் மூக்குக்குப் போயிற்று.

"இவர் யாரு?" என்று கேட்டார்.

"நம்ம ஆளுதான் மொதலாளி. வெந்நி, கற்கண்டு எல்லாம் இவன்தான் பாத்துக்குவான்" என்றான் இசக்கி.

"பாட்டு யார்கிட்ட கத்துக்கிட்டே?"

"யார்ட்டயும் இல்ல. கேட்டுக் கேட்டு வந்ததுதான்."

அதில் ஒரு பொய்யும் இல்லை. எனக்குப் பொறுக்கமுடியாமல் போனதும் அதனால்தான். நான் அவனுக்கு வெந்நீர்க்காரன்! வாசித்துக் காட்டியது, இழுக்கச் சொன்னது, விடச் சொன்னது, எதுவும் அவன் நினைவில் இல்லை. அவன் மறைக்கவும் இல்லை; அவனுக்குத் தோன்றவே இல்லை. பிளாஸ்கு மூடியை நான் கீழே போட்டேன். அவனே குனிந்து எடுத்து என் கையில் தந்தான்.

பின்சுவருக்குப் போனேன். திரை ஏறியது. காட்டுப் பாட்டு வந்தது.

என்ன பாட்டு! காய்ச்சலில் அவன் குரலுக்கு ஒரு ஈரம் வந்திருந்தது. நான் சொன்ன இடத்தில் நின்றான், நான் சொன்ன இடத்தில் விட்டான். என் கண்ணில் தண்ணீர். பாட்டு முடிந்த கணத்தில் என் வாய் திறந்தது.

"ஒன்ஸ்மோர்!"

அந்த முதல் குரல் எங்கிருந்து வந்தது? பாட்டின்மேல் இருந்த ஆசையா, வேறா? இத்தனை வருஷமாய் யோசிக்கிறேன்... தெரியவில்லை. தோல் கிடங்குப் பையன்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் கத்தினார்கள். இசக்கி பின்சுவர்ப் பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். விளக்கு வெளிச்சத்தில் என்னைத் தெரிந்திருக்காது. கும்பிட்டான். ஆர்மோனியக்காரருக்குச் சைகை காட்டிவிட்டுப் பாடினான்.

இரண்டாவது தடவை முடிந்தது. இதை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை. ஆனால் இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

இரண்டாவது தடவை எனக்குத் தெரியும். நன்றாகத் தெரிந்தே கத்தினேன். பக்கத்தில் நின்றவன் என் சட்டையைப் பிடித்தான்.

"அண்ணே, நீங்கதான கேக்கப்பிடாதுன்னிய?"

"அது அப்பம். இப்பம் கேளுலே."

கேட்டார்கள். மண்டபமே கேட்டது. முன்வரிசையில் முதலாளியும் சிரித்தபடி கை தட்டினார். மேடையோரத்தில் நின்ற பொன்னையா அண்ணாச்சி வேண்டாம் என்று கையசைத்தார். இசக்கி அதைப் பார்த்தான். கூட்டத்தையும் பார்த்தான். சட்டம் அவனுக்கும் தெரியும். மூன்றாவது தடவையும் பாடினான்.

கடைசி அங்கம். தாய் விழுந்து கிடக்கிறாள். ஆர்மோனியம் ஐந்து கட்டையில் நிற்கிறது. இசக்கி வாயைத் திறந்தான். கிழிந்த துணியில் காற்றுப் போவதுபோல ஒரு சத்தம் வந்தது. அதுவும் நின்றுபோயிற்று. ஆர்மோனியக்காரர் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்தார். யாரோ விசில் அடித்தார்கள். தாயாக நடித்தவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். முதலாளி கைக்குட்டையைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

எனக்குள் அப்போது என்ன இருந்தது? கேட்கிறீர்களா? ஒரு நொடி... ஒரே ஒரு நொடி சுகமாக இருந்தது. அப்புறம்தான் பயம் வந்தது.

அடித்தால் அடிக்கட்டும் என்று உள்ளே போனேன். அவன் ராஜ உடுப்போடு ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் விட்டான். குரல் இல்லை, வெறும் காற்றாகத்தான் பேசினான்.

"ஒம்மேல தப்பு இல்ல மாப்ள. ஒன்னால அடக்க முடியல. எனக்குத் தெரியாதா ஒன்ன?"

பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன்! வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

சயானில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவனும் நான்தான். வீங்கிய தொண்டையோடு ஏன் பாடினாய் என்று டாக்டர் இந்தியில் திட்டினார். பேசக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு. ஆகவே பதில் சொல்ல வேண்டியவன் நான். "ஜனங்கள் கேட்டார்கள்" என்றேன். ஜனங்கள்!

பேச்சு வந்தது. ஐந்து கட்டை வரவில்லை. கீழே, இரண்டு கட்டையில் ஏதோ முனகுவான், அதிலும் நடுவில் ஒரு விரிசல். காய்ச்சலில் ஒரே ஒரு தடவை பாடியிருந்தாலும் போயிருக்குமோ? இருக்கலாம். அப்படி நினைத்துத் தூங்கப் பார்த்திருக்கிறேன். தூக்கம் வந்ததில்லை.

அவன் இன்னும் கூடை சுமக்கிறான். என் தங்கையைக் கட்டியிருக்கிறான். சம்பந்தம் பேச வந்தபோது அவன் வீட்டார் சொன்ன ஒரே சிபாரிசு, "சுப்பையா மாதிரி இவன்மேல உசிரா இருக்க ஆள் கெடையாது" என்பது. கல்யாணப் பந்தலில் அவனே யாரிடமோ சொன்னான்: "எம் மச்சானுக்கு எம் பாட்டுன்னா பைத்தியம். நான் வேண்டாம்னு சொல்லியும் ஒன்ஸ்மோர் கேட்டாம்லா." தங்கை என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

பல தடவை சொல்லிவிடலாம் என்று வாயெடுத்திருக்கிறேன். சொன்னால் தங்கை என்ன ஆவாள், பிள்ளைகள் என்னை மாமா என்று கூப்பிடுவார்களா என்று கவலை. அது மட்டும்தானா? தன் பாட்டை ஒருவன் அடக்கமுடியாத ஆசையோடு கேட்டான் என்பதுதான் அவனிடம் மிஞ்சியிருக்கிறது. அதையும் நான் பிடுங்கவா? இப்படி ஒரு நல்ல காரணம் கிடைத்ததில் எனக்கு எத்தனை சௌகரியம் பாருங்கள்!

போன மாதம் எங்கள் தெருக் கோயிலில் கொடைத் திருவிழா. சாயங்காலம், பூசைக்கு முன்னால், பையன்கள் இசக்கியை இழுத்துக்கொண்டு வந்து மைக் முன்னால் நிறுத்தினார்கள். மறுத்துப் பார்த்தான், விடவில்லை. அந்தக் காட்டுப் பாட்டைத்தான் பாடினான். கீழ்ச் சுதியில், விரிசலோடு. பிள்ளைகள் கவனிக்கவில்லை. பெரியவர்கள் பாவம் என்று தலையாட்டினார்கள். பாட்டு முடிந்தது. கைதட்டல் கொஞ்சம் கேட்டது, நின்றது.

அவன் மைக்கை விட்டு நகரவில்லை. கூட்டத்தின் கடைசியைப் பார்த்தான். நான் எங்கே நிற்பேன் என்று அவனுக்குத் தெரியும். காத்திருந்தான்.

தங்கை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஒன்ஸ்மோர்" என்றேன். அன்றைக்கு இருந்த அதே குரல். அவனால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

அவன் முகம் மலர்ந்தது. கும்பிட்டான். மூச்சை இழுத்து, முதல் அடியிலிருந்து தொடங்கினான்.