வேர்க்காத ஊரில் ஒரு மே மாதம்

மே மாதத்தில் குடும்பத்தோடு ஹைதராபாத் போகலாமா என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். போகாதீர்கள் என்று ஒரே வரியில் பதில் போட்டேன். ஏன் என்று கோபமாக மறுபடி கேட்டார். சரி, கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில், மழை பொய்த்துக்கொண்டே இருந்த காலம். அத்தானுக்கு மல்லாபூர்ப் பக்கம் ஓர் அரசாங்கக் கம்பெனியில் வேலை. அக்காவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே! அழைத்துவர நானும் சித்தப்பாவும் கிளம்பினோம். அப்பா போனபிறகு எங்களை வளர்த்தவர் அவர். தனக்கென்று ஒரு கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை.

சென்ட்ரலில் மாலை ஆறு மணி வாக்கில் ஏறினால் மறுநாள் காலை செகந்திராபாத். எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். விடிந்தபின் ஜன்னலில் பார்த்த ஆறுகளில் எல்லாம் மணல்தான். இறங்கியதும் சித்தப்பா சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"டேய், ஒரு சொட்டு வேர்வை இல்லடா! இதையா வெயில்னு பயமுறுத்தினாங்க? நம்ம ஊர்ல இந்நேரம் பனியனைப் பிழிஞ்சிருப்போம்."

மெட்ராஸ்காரனுக்கு வெயில் என்றால் வேர்வை. வேர்க்காவிட்டால் வெயிலே இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஆட்டோக்காரர் மட்டும் தலையில் சுற்றியிருந்த ஈரத்துண்டைத் தொட்டுக் காட்டி, "தூப் மே நக்கோ ஃபிரோ சாப்" என்றார். வெயிலில் அலையாதீர்கள் என்கிறார். சித்தப்பா சிரித்தார். ஸ்டேஷனிலிருந்து மல்லாபூர் எட்டொன்பது கிலோமீட்டர். (அன்றைய கட்டணம் உங்களுக்கு உதவாது, விடுங்கள்.)

குவார்ட்டர்ஸ் தெருவில் ஆளே இல்லை, குடங்கள்தான் வரிசையில் நின்றன. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது குடத்துக்குப் பக்கத்தில் ஆள் இல்லையென்றால் குடம் கடைசிக்குப் போய்விடும். அத்தான் ஷிஃப்டுக்குப் போனபின் அக்காதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்ததும் சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"உண்டாயிருக்கிற பொண்ணு தண்ணிக்கு நிக்கிறதா? நான் இருக்கேன், நீ உள்ள போ!"

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா, மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழர், ஓடிவந்து தடுத்தார். "நக்கோ ஐயா, சொன்னா கேளுங்க. இங்க வேர்வை வந்த கையோட காஞ்சிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. தண்ணி குடிச்சிட்டு, பாக்கெட்ல ஒரு வெங்காயமாவது போட்டுக்கிட்டுப் போங்க, சூட்டை அது இழுத்துக்கும்."

"தாகமே இல்லம்மா" என்றார் சித்தப்பா. ஸ்டெல்லா அக்கா மனம் கோணாமலிருக்க வெங்காயத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். வீட்டில் அரைப்பானைத் தண்ணீர்தான் இருந்தது. அதை அக்காவுக்கு விட்டுவைத்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

திரும்பும் டிக்கெட் எடுக்க நான் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு மதியம் வந்தேன். அக்காவின் இரண்டு குடமும் நிரம்பி வாசலில் இருந்தன. பக்கத்தில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "அண்ணா, ஆபீசுக்கு நேரமாச்சே" என்றார். செத்துப்போன அப்பாவிடம் பேசுகிறார்! கையைப் பிடித்தேன். தோசைக்கல்லாய்க் கொதித்தது, துளி ஈரம் இல்லை. ஸ்டெல்லா அக்கா யாரையும் கேட்கவில்லை, அந்த இரண்டு குடத்தையும் சித்தப்பா தலையில் கவிழ்த்தார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இருட்டுவதற்குள் போய்விட்டார். டாக்டர் 'வடதெப்ப' என்றார். தெலுங்கில் வெயில் அடி.

ஆகவே, நவம்பரில் போங்கள், பிப்ரவரிக்குள் திரும்புங்கள். மே மாதம் போயே தீரவேண்டுமென்றால் பதினொன்றிலிருந்து நாலு வரை வெளியே வராதீர்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடியுங்கள். கூட வந்தவர் சம்பந்தமில்லாமல் பேசினால் உடனே நனைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். வெங்காயத்தை நம்பாதீர்கள்.

மறுநாள் காலை வீட்டு வாசலில் வைத்துச் சித்தப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. முதலில் ஸ்டெல்லா அக்கா ஒரு சொம்பு கொண்டுவந்தார். பிறகு எதிர்வீடு, அதற்கடுத்த வீடு. ஒரு குடம் முந்தினால் சண்டைக்கு நிற்கிற தெரு அது. ஒவ்வொரு வீடும் ஒரு சொம்பு கொடுத்தது. பிள்ளைத்தாய்ச்சி பிணத்தைப் பார்க்கக்கூடாது என்று அக்காவை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் அவளுக்குக் கேட்டது.